அக்குள் துண்டுக்குக் கிடைத்த இடம்

பழங்காலத்து உள்சட்டை ஒன்றைக் கையால் தைக்கப் புது ஊசி ஒன்று வந்தது. அதற்கு அதுதான் முதல் தையல்.

"அக்குள்ல என்னை வச்சுத் தைங்க. இல்லேன்னா கை தூக்க முடியாது" என்றது சின்னச் சதுரத் துண்டு.

"உள்ளங்கை அகலம்கூட இல்லை, உனக்கெல்லாம் இடமா? போடா!" என்றது சட்டைக்கை. பெரிய ஆள் சொல்கிறதே என்று ஊசி சட்டைக்கையைச் சட்டையின் உடம்போடு நேராகவே இணைத்துவிட்டது.

உடுத்தியவள் பரணுக்குக் கை தூக்கினாள். அக்குள் தையல் டர்ரென்று பிரிந்தது.

"ஐயா சாமி, வந்துடுப்பா!" என்று சட்டைக்கை கெஞ்சியது. சதுரத்துக்கு வயிறு எரிந்தது. ஆனால் போகாவிட்டால் அடுப்படித் துணியாகத்தான் கிடக்கணும். பல்லைக் கடித்துக்கொண்டு போய், ஊசி தைக்க, சட்டைக்கை, உடம்பு இரண்டையும் தாங்கிப் பிடித்தது.

மறுநாள் கொடியில் பக்கத்து வேட்டி விசாரித்தது: "அக்குள்ல யாருங்க அது?"

"ஏதோ நாதியத்த துண்டு" என்றது சட்டைக்கை. "பாவம்னு ஒண்ட இடம் கொடுத்திருக்கோம்."