சனிக்கிழமை ரிப்பேர்

டம்மென்று மேஜையில் இறங்கியது நைஜலின் நாற்பது வயதுக் கம்ப்யூட்டர்.

"மறுபடியும் மண்டையைப் போட்டுடுச்சா?" என்று சிரித்தாள் ஹேஸல். ஹாலிஃபாக்ஸ் ஊர் சர்ச் ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை இலவசமாக ரிப்பேர் செய்பவள் அவள். பொருளைக் கொண்டுவருபவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்பது அங்கே விதி.

அந்த விதிக்காகவே மாதாமாதம் உள்ளே ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு வருவான் நைஜல். இந்த முறை அவன் கை வைக்கவே இல்லை. நிஜமாகவே செத்துக் கிடந்தது. இது போனால் இங்கே வர வேறு சாக்கு ஏது?

"பிழைச்சுக்குமாங்க?" என்று கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஹேஸல் மூடியைத் தொடவில்லை. பிளக்கைத் திறந்து, அதனுள் ஃபியூஸ் இருக்க வேண்டிய காலி இடத்தில், தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகினாள். கம்ப்யூட்டர் உயிர்பெற்றது.

"ஒயரைக் கழட்ட மறந்துட்டு, நீங்க வராம இருந்துட்டா? அதான், போன மாசம் நானே ஃபியூஸை உருவி வச்சுக்கிட்டேன்."