இரண்டாவது ஆள்

‘இந்த மெயில் இரண்டு பேருக்குப் போகிறது. அனுப்பலாமா?’ என்று கேட்டது கம்ப்யூட்டர்.

நான் எழுதியது ஒருவருக்கு.

இப்படிக் கேட்டுவிட்டு அனுப்பும் ஏற்பாட்டை அன்று காலையில்தான் ரிப்பேர்காரர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காரணம் உண்டு. மாடி வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றிப் பெயர் போடாமல் மைத்துனருக்கு எழுதியது, போன வாரம் கைதவறி எங்கள் குடியிருப்பின் அறுபத்துநான்கு வீடுகளுக்கும் போய்விட்டது. பதினொரு பேர் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். மாடி வீட்டுக்காரர் மட்டும், ஆள் யாரென்று சொன்னால் தானே போய்க் கண்டிப்பதாக எழுதியிருந்தார்.

இது அப்படிக் கைதவறக் கூடாத மெயில். டாக்டருக்கு.

நெஞ்சைத் திறந்து ஒரு வால்வை மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று சொல்லியிருந்தார். எழுபத்திரண்டு வருஷம் திறக்காமல் ஓடிய சாமானை இனித் திறப்பதாக இல்லை, வீட்டுக்கும் தெரிய வேண்டாம் என்று ஐந்தாவது முறையாக எழுதியிருந்தேன். முந்தைய நான்குக்கும் அவர் பதில் போடவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

முகவரியை அழித்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் திரும்ப அடித்தேன்.

இரண்டு பேர் என்றது.

ரிப்பேர்காரருக்குப் போன் போட்டேன். மவுஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அரை மணி நேரம் விளக்குகிற மனிதர், சில கம்ப்யூட்டர் அப்படித்தான் எண்ணும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அக்கா பக்கத்தில் இருக்கிறார்களா என்று என் மனைவியை விசாரித்தார். இல்லை என்றேன். போனை வைத்துவிட்டார்.

யாரோ படிக்கிறார்கள். மகனா, மாடி வீட்டுக்காரரா, அரசாங்கமா? என் வால்வில் அரசாங்கத்துக்கு என்ன அக்கறை என்று அதை மட்டும் கழித்துவிட்டேன்.

டாக்டருக்கே இன்னொரு மெயில் எழுதிப் பொறி வைத்தேன். வீட்டை அநாதை ஆசிரமத்துக்கு எழுதிவைக்கப் போகிறேன், அது மகனுக்கு. குறட்டைக்காரர் மீது போலீஸில் புகார் கொடுக்கிறேன், அது மாடிக்கு. கடைசியில், யாரும் விட்டுப்போகக் கூடாதே என்று, மனைவியின் தையல் மெஷினைப் பழைய சாமான்காரரிடம் பேசி முடித்தாயிற்று என்று சேர்த்தேன்.

டாக்டர் குழம்பட்டும், பாதகமில்லை.

இரண்டு பேர் என்றது. அனுப்பு என்றேன்.

மகனிடமிருந்து போன் வரவில்லை. மாடியில் ஒரு காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

உள் அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

கழுத்தில் அளவு டேப்பும் கையில் போனுமாக மனைவி வந்து அறை வாசலில் நின்றாள். முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை.

“மெஷினைக் குடுக்கறதுன்னா குடுங்க. வியாழக்கிழமை காலைல ஆறு மணிக்கு வெறும் வயித்தோட ஆஸ்பத்திரில இருக்கணும், அதை மறந்துடாதீங்க.”

இது எப்போது முடிவான விஷயம் என்று கேட்டேன்.

“நீங்க மொத தடவை வேண்டாம்னு எழுதினீங்களே, அன்னிக்கே நான் சரின்னு எழுதிட்டேன்.”