வலது மடிப்பு

முப்பத்திரண்டாவது அட்டையும் அதையேதான் சொன்னது.

"கடைசிக் காட்சியில கொலைகாரிக்குப் பொணத்துக்குக் கட்டுற மாதிரி கிமோனோ கட்டியிருக்கு. உடுத்திவிட ஒரு ஆள் கூடவா இல்ல?" என்று தயாரிப்பாளர் சகமாகி சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆள் இருந்தது. நான்தான் அது. இருபத்தேழு வருடமாக இந்த ஸ்டுடியோவில் சாமுராய்களுக்கும் அவர்கள் பெண்டாட்டிகளுக்கும் கிமோனோ கட்டிவிடுகிறேன்.

வெளியீட்டுக்கு முன் கியோத்தோக்காரர்கள் நாற்பது பேரைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக்காட்டினோம். ஆளுக்கு ஓர் அட்டை, ஒரு பென்சில், ஓர் இனிப்பு உருண்டை. அட்டைகளை வாங்கிப் போட, ஆள் பற்றாக்குறையால் என்னைத்தான் பெட்டியோடு வாசலில் நிறுத்தினார்கள். ஓசியில் பார்க்கிறவர்களுக்கு வாய் எப்போதும் நீளம். உருண்டையையும் தின்றுவிட்டு எழுதித் தள்ளியிருந்தார்கள்.

பன்னிரண்டு பேரை வெட்டியும் கொண்டை கலையவில்லையே, எந்தக் கடை எண்ணெய் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். வாளைத் துடைப்பம் மாதிரி பிடிக்கிறாள் என்று ஒருவர். இருக்கை வசதியாக இருந்தது, நன்றாகத் தூங்கினேன், நன்றி என்று ஒரு பெரியவர்.

அதிலெல்லாம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. எல்லாம் உண்மைதான்.

இயக்குநர் குஜிராய் தோக்கியோவிலிருந்து வந்தவர். நூடுல்ஸ் விளம்பரம் எடுத்துப் பேர் வாங்கியவர். கிமோனோவுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது வரை அவருக்குத் தெரியும். கொலைகாரியாக நடித்த ருரி ஒரு பாட்டுக்காரப் பெண். இதற்கு முன் இரண்டே தடவை கிமோனோ போட்டவள், இரண்டு தடவையும் யாரோ கட்டிவிட்டது.

உயிரோடு இருப்பவர்களுக்கு இடது மடிப்பு மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது பிணம். இங்கே பால்வாடிக் குழந்தைக்கும் இது தெரியும். எனக்குத்தான் தெரியாதாம்.

படப்பிடிப்பில் யாரும் பார்க்கவில்லை. கோட்டை வாசல் வரை அவள்மேல் வைக்கோல் மழையங்கி இருந்தது. வாசலில் அதைக் கழற்றி எறிகிறாள். அதே நொடியில் வாசலுக்குத் தீ வைத்தாயிற்று. எல்லோரும் தீயைப் பார்த்தார்கள். மறுபடி எடுக்க இப்போது வாசலும் இல்லை.

"என் கடைசிக் காட்சியவே நாசம் பண்ணிட்டீங்களேம்மா! இருபத்தேழு வருஷம் என்னத்தக் கிழிச்சீங்க?" என்று குஜிராய் கத்தினார்.

காட்சியை வெட்டிவிடலாம் என்றார். வெட்டினால் அவள் சத்திரத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பதோடு படம் முடியும். பழி வாங்கக் கிளம்பியவள் வயிறு நிறைந்து திரும்புவாள். என் பெயரையும் எடுத்துவிடலாம் என்றார்.

சகமாகி எங்கள் ஊர்க்காரர். கத்த மாட்டார். "ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க நிஷிகோரி அம்மா. கொஞ்ச நாள் வீட்ல ஓய்வா இருங்களேன்," என்று சிரித்தபடி சொன்னார்.

கியோத்தோவில் ஒருவரை வேலையை விட்டு அனுப்புவது இப்படித்தான். இந்த வேலையை விட்டால் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

எஞ்சியிருந்த அட்டைகளையும் கடமைக்கு வாசித்தார். கடைசி அட்டைக்கு வந்ததும் அவர் குரல் மெதுவானது.

"யாரும் அவளுக்குத் தப்பாக் கட்டல. திரும்பி வரமாட்டோம்னு தெரிஞ்சு, அவளே தனக்குப் பொணத்துக்குக் கட்டுற மாதிரி கட்டிக்கிட்டுப் போறா. செத்தவள எவன் கொல்ல முடியும்? இந்தப் படத்துலயே மூளையோட எடுத்த காட்சி இது ஒண்ணுதான்."



குஜிராய்க்கு ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான் தேவைப்பட்டது.

"அதேதான்! நான் நெனச்சு எடுத்தது அதேதான்! ஒருத்தருக்காவது புரிஞ்சுதே!"

சற்றுமுன் என் பெயரை எடுக்கச் சொன்ன அதே வாய். எழுந்து நடந்துகொண்டே, பல மாதம் தூங்காமல் இதை யோசித்ததாக விளக்க ஆரம்பித்தார். சுவரொட்டியிலும் அதே காட்சி வர வேண்டுமாம். சகமாகி அவரை இடுப்பு வளைய வணங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, அடுத்த படம் வசந்தத்தில் தொடங்குகிறது என்றார்.

அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த உதவியாளப் பெண் மட்டும் முணுமுணுத்தாள். வந்தவர்கள் நாற்பது பேர், அட்டை எப்படி நாற்பத்தொன்று இருக்கிறது என்று. யார் காதிலும் விழவில்லை.

நான் பென்சில் கரி படிந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

இனி பேட்டிகளில் குஜிராய் அந்தக் காட்சியின் ஆழத்தைப் பற்றி அளந்துகொண்டே இருப்பார். அளக்கட்டும். என்னை யாரும் கேட்காமல் இருந்தால் போதும்.

அன்று காலை ருரிக்குக் கட்டிவிட்டபோது எனக்கு ஓர் ஆழமும் தோன்றவில்லை. அதற்கு முந்தின நாள் என் அக்காவுக்கு வெள்ளைக் கிமோனோ கட்டி, வலது மடிப்பை மேலே கொண்டுவந்து, பெட்டிக்குள் படுக்கவைத்திருந்தேன். மறுநாளுக்கு மட்டும் விடுப்புக் கேட்டேன். வாசலை அன்றைக்குத்தான் கொளுத்த முடியும் என்றார் குஜிராய்.

வந்தேன். என் கைகள் மட்டும் அக்காவிடமே இருந்துவிட்டன.