நாலாவது கட்டம்

"எத்தனை நாளைக்குத்தான் இவ இங்கேயே இருப்பா?" என்றாள் அண்ணி.

காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். தங்கை அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலை.

"என் தங்கச்சி என் வீட்டுல இருக்கா. உனக்கு எங்கே வலிக்குது?" என்றான் அண்ணன். உடனே குரலை மாற்றிக்கொண்டு, "நீ வாம்மா. இன்னிக்கு என்ன கூத்து?" என்று கேட்டான்.

அவன் ஒரு வாரப் பத்திரிகைக்குச் சித்திரக்கதை வரைகிறவன். முதலில் பேசும் நாயை வைத்து வரைந்தான், எடுபடவில்லை. மறதிக்கார வாத்தியாரும் போணியாகவில்லை. வேலைக்குப் போகிற, தனியாக இருக்கிற ஒரு பெண்ணை வைத்து 'ஒண்டிக்கட்டை' என்று வாரம் நாலு கட்டம் போட ஆரம்பித்ததும்தான் பிய்த்துக்கொண்டு போனது. பெண் பெயரில் எழுதினான். 'பட்டவளாலதான் இப்படி எழுத முடியும்' என்று வாசகிகள் உருகினார்கள்.

தங்கை சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு அம்மாவை மெஷின் முன்னாடி நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்கன்னேன். பட்டனை அமுக்கப் போறேன், 'உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா'ங்கறாங்க. படம் போச்சு. மறுபடி பிடிக்கச் சொன்னேன். 'ஏன் ஆகல?' அதுவும் போச்சு."

"அப்புறம்?"

"மூணாவது தடவை ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்தாங்க, பாவம். முடியல. 'உடம்புல எதாச்சும் கோளாறா?'"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். பென்சில் ஓடியது.

"சிரிச்சே காலத்தைக் கழிங்க ரெண்டு பேரும்" என்றாள் அண்ணி.

அந்த நேரம் பார்த்துப் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். அவர் குரல் அடுப்படி வரை கேட்டது. "ஒண்டிக்கட்டைக்குக் கல்யாணம் கில்யாணம் பண்ணி வச்சிடாதீங்க சார். பக்கம் படுத்துடும்."

"சேச்சே" என்றான் அண்ணன்.

ஒரு விஷயத்தை மட்டும் தங்கை வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் ஒருவர், மனைவியை இழந்தவர், 'உங்க அண்ணன்கிட்ட வந்து பேசட்டுமா?' என்று கேட்டிருந்தார். அதை அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தாராளமா வரச் சொல்லு" என்றான் அண்ணன்.

அவர் வந்து பேச நாள் குறித்த பிறகு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த வாரம் முழுக்க, டப்பா கழுவும்போது சொல்வதற்குத் தங்கையிடம் கதை எதுவும் இருக்கவில்லை. தானாகச் சிரித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். அண்ணி டீயை வைத்துவிட்டு நகர்ந்ததும், "நாங்க பேசிக்கிறோம்" என்று அண்ணன் முன்னறைக் கதவைச் சாத்தினான்.

கதவு சீக்கிரமே திறந்தது. வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டார். டீ அப்படியே இருந்தது.

"என்னண்ணா?"

"விடும்மா. ஆளு சரியில்ல. 'நாள் பூரா எலும்பையே பாக்கற பொண்ணு, வீட்டுக்கு வந்து மனுஷன் முகத்தைப் பாக்குமா'ன்னு கேக்கறான்."

"அவரா சொன்னாரு?"

"பின்னே நானா சொல்றேன்?"

"இருங்க. நான் நேரா போய் அந்த ஆளையே கேட்டுட்டு வரேன்" என்று அண்ணி கிளம்பினாள்.

"போன மானம் போதும்" என்றான் அண்ணன்.

தங்கை அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் அண்ணியின் பக்கம் திரும்பியது. "என்னை இங்கேருந்து கிளப்பணும்னு உங்களுக்கு அவசரம் இருக்கலாம் அண்ணி. அதுக்காக யார் கால்லயும் போய் விழ வேண்டாம்."

அண்ணி ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் பத்திரிகை வந்தது. தங்கை அந்தப் பக்கத்தை எப்போதும் பார்ப்பதில்லை. 'பட்டது பத்தாதா, படிக்க வேற வேணுமா' என்பாள். அண்ணன் குளிக்கப் போயிருந்த நேரம் அண்ணி அதைப் பிரித்து எடுத்துக்கொண்டு அவள் படுக்கைக்கே வந்தாள்.

"படி."

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க அண்ணி."

"படிடி."

முதல் கட்டத்தில் ஒண்டிக்கட்டை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்ததில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், முன்னால் டீ. மூன்றாவதில் அவர் சொல்கிறார்: 'நாள் பூரா எலும்பையே பாக்கற பொண்ணு, வீட்டுக்கு வந்து மனுஷன் முகத்தைப் பாக்குமா?' நாலாவது கட்டத்தில் நாற்காலி காலி. ஒண்டிக்கட்டை அந்த டீயைத் தானே குடிக்கிறாள்: 'ஆறினாலும் சர்க்கரை சரியாத்தான் இருக்கு.'

தங்கை கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு சிரிக்க முயன்றாள்.

"ராத்திரியே உக்காந்து வரைஞ்சிட்டாரு போல. போகட்டும் அண்ணி. நாலு பேராவது சிரிக்கட்டும்."

அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கத்தை உறையில போட்டு ஒட்டிக் குடுத்தாரு. பத்திரிகை ஆபீஸ்ல கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். அச்சாகி வர ஒரு வாரத்துக்கு மேல ஆகும். நேத்து சாயங்காலம் வந்த மனுஷன் பேசினதை, உங்க அண்ணன் போன வாரமே எப்படிம்மா வரைஞ்சாரு?"