ஒரு பாலாடை கழுதைப்பால்

தெருமுனையில் திரும்பிக் கழுதையைப் பார்த்ததுமே செங்கொடிக்கு மண்டை சூடாகிவிட்டது.

பின்னே? அந்தத் தெரு அங்கன்வாடிக்கு அவள்தான் டீச்சர். ஆறு மாசம் வரைக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடக் கிடையாது என்று வீடு வீடாகப் போய்த் தொண்டை வறளச் சொல்கிறவள். சொல்லி என்ன பிரயோஜனம்? ராயபுரத்துச் சந்துகளில் கழுதைப்பால்காரர் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். சளி பிடிக்காதாம். குரல் கணீரென்று வருமாம்.

கழுதை யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

ஆன்சி வீடு.

ஆன்சியின் மகளுக்கு நாலு மாசம். கத்திரி வெயிலில் ஊரே தண்ணீர் கொடு, தண்ணீர் கொடு என்று பிடுங்கி எடுத்தபோதும் ஒரு வாய் கொடுக்காதவள் ஆன்சி. வருகிற வெள்ளிக்கிழமை தாய்ப்பால் வார விழாவில் அவளைத்தான் மேடையேற்றிப் பேச வைக்கப் போகிறேன் என்று சூப்பர்வைசர் மேடத்திடம் செங்கொடி வாய் நிறையச் சொல்லி வைத்திருந்தாள்.

வாசலில் ஆன்சியின் நாத்தனார் ஃப்ளோரன்ஸ் நின்றிருந்தாள். காசிமேட்டில் மீன் விற்கிறவள். அவள் வாய்க்கு மார்க்கெட்டே ஒதுங்கிப் போகும்.

"இன்னாக்கா இது?"

"வா டீச்சரு. வியாசர்பாடி போய்ச் சொல்லி வச்சி, இந்தக் கழுதக்காரர இஸ்துக்கினு வந்தேன். ஒரு பாலாடைதான். அதுக்குப் போயி மூஞ்சத் தூக்கிக்காத."

"கொழந்தைக்கு இதெல்லாம் ஆவாதுக்கா. வயித்தால போனா யாரு பாக்குறது?"

"ஒண்ணும் ஆவாது. தெருவுல பாதிப் புள்ளைங்க குடிச்சதுதான்."

"ஆன்சி எங்க?"

"உள்ள ஊட்டிக்கினு கீது. நாலு பேரு பாத்தா கண்ணு பட்டுடும்னு ரூமுக்குத் தூக்கிக்கினு பூட்சி."

செங்கொடி அதற்கு மேல் நிற்கவில்லை. செருப்பை உதறிவிட்டு உள்ளே போனாள்.

பிள்ளை ஆன்சியின் மடியில் படுத்து விரல் சூப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தரையில் பாலாடை. காலி.

"உன்னப் போய் நம்புனேன் பாரு, என்னச் சொல்லணும்."

"டீச்சர், மெதுவா பேசுங்க."

"இன்னாத்துக்கு மெதுவா பேசணும்? நாத்தனாருக்குப் பயந்துக்கினு புள்ள வாயில கண்டதையும் ஊத்துவ. அப்புறம் மேடையேறி ஊருக்குப் புத்தி வேற சொல்லுவ, இல்ல? இப்பவே மேடத்துக்குப் போன் போடுறேன். வேற ஆளப் பாத்துக்குறேன்."

போனைக் கையில் எடுத்தேவிட்டாள். ஆன்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஃப்ளோரன்ஸ் கழுதைக்காரரைத் தெருமுனை வரை அனுப்பி வைக்கப் போயிருந்தாள்.

"கொழந்த குடிக்கல டீச்சர். நான் குடிச்சிட்டேன்."

"இன்னாது?"

"கழுதைப்பால நான்தான் குடிச்சேன். தண்ணி மாரி கீது. லேசா தித்திப்பு."

செங்கொடிக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் போகவில்லை.

"வாணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டிதான? அவ்ளோ பயமா?"

"பயமெல்லாம் இல்ல. ஃப்ளோரன்ஸ் அண்ணிக்கு ஒரு புள்ள பொறந்துச்சு. நீங்க இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு ரொம்ப மின்ன. இதே வயசுல, சளி கட்டி மூச்சு முட்டி செத்துப் போச்சு. அதுக்கு மொத நாளு கழுதைப்பால்காரர் வந்து வாசல்ல நின்னாராம். நாளைக்கு வாய்யான்னு இவங்க அனுப்பிட்டாங்களாம். அன்னிக்கு வாங்கி ஊத்தியிருந்தா பொழச்சிருக்கும்னு இன்னி வரைக்கும் நெனச்சி நெனச்சி மருகிக்கினு கீறாங்க."

"அது தப்பு ஆன்சி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு எடுத்துச் சொல்லேன்."

"சொன்னேனே. நீங்க சொல்லிக் குடுத்த அத்தினியும் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, 'அப்ப எம்புள்ள எதுனால செத்துச்சு, சொல்லு'ன்னாங்க. நான் இன்னா சொல்றது? உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

பிள்ளைக்கு எப்போது கேழ்வரகுக் கூழ், எப்போது முட்டை, எப்போது மீன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள் செங்கொடி. இது அந்தப் பட்டியலில் இல்லாத கேள்வி. பாவம், இத்தனை வருஷமாக இதைச் சுமந்துகொண்டா அந்தப் பொம்பளை மீன் விற்கிறாள்? போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

ஃப்ளோரன்ஸ் திரும்பி வந்தாள். உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்க்கெட்டை ஒதுக்கும் அந்தக் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"டீச்சரு, நீ எவ்ளோ வேணா திட்டு, வாங்கிக்கிறேன். அதுக்கு மின்ன ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. கொழந்த துப்பிடலயே? ஒழுங்கா உள்ள போச்சா?"

ஆன்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவினவர்களைக்கூட மன்னிக்காத அங்கன்வாடி டீச்சர் செங்கொடி, ஃப்ளோரன்ஸின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"பக்கத்துலயே நின்னு பாத்தேன்க்கா. ஒரு சொட்டு வுடாம குடிச்சிட்டா."