டிரைவரின் கீட்டோ

எங்கள் மாடியில் குடியிருக்கும் பஸ் டிரைவர் திடீரென்று கீட்டோ டயட்டில் இறங்கினார். முட்டை, இறைச்சி, வெண்ணெய் தவிர எதையும் தொடுவதில்லை. ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டிருந்த தொப்பை மளமளவென்று கரைந்தது.

அதே சமயம் அவர் மனைவியைக் காணோம். கேட்டால், "அம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்பார்.

எங்கள் தெருவுக்கா புரியாது?

"பொண்டாட்டியைத் துரத்திட்டு யாருக்காக இளைக்கிறாராம்?" என்றாள் எதிர்வீட்டு டீச்சர்.

"சாயங்காலமானா தலையைச் சீவி, சட்டையை மாத்திக்கிட்டுக் கிளம்பிடறாரே, நீங்க பாக்கலையா?" என்று நானும் என் பங்குக்கு எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் அவரைப் பார்த்தேன். தட்டு நிறைய கிரீம் பன்னை வைத்துக்கொண்டு, மெல்லாமலே விழுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னண்ணே, யாருக்காக இளைச்சீங்களோ அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"

அவர் நிமிர்ந்தார்.

"என் வீட்டுக்காரிக்குக் கல்லீரல் கெட்டுப்போச்சும்மா. என்னோடதுல பாதியை வெட்டி வைக்கலாம், ஆனா கொழுப்பு படிஞ்சிருக்கு, முதல்ல அதைக் குறைங்கன்னாங்க. தெருவுல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிட்டா."

"கொழுப்பு... குறைஞ்சுதாண்ணே?"

"சுத்தமாப் போயிடுச்சும்மா. ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிடலாம்னு காலையில டாக்டர் சொன்னாரு. அவகிட்டச் சொல்லலாம்னு வார்டுக்கு ஓடினேன்."

பன்னைக் கீழே வைத்தார்.

"அவ படுத்திருந்த கட்டிலுக்கு வேற விரிப்பு போட்டுக்கிட்டிருந்தாங்க."