பேரைக் கொடுத்தவர்

"யூதாஸ் வந்தாச்சு! பையைப் பத்திரமா வெச்சுக்குங்க."

சபைக் கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ஆலை ஃபிட்டர் காதில் விழாதவர் போலக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி.

"இன்னிக்காவது சொல்லுங்க. சங்கத் தலைவர் பேரை முதலாளிகிட்ட ஏன் கொடுத்தீங்க? சொல்லலைன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன், நிஜமா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கூலி உயர்வு கேட்டு ஆலையில் தொழிலாளர்கள் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். "தூண்டிவிட்டவன் யாருன்னு சொல்லுங்க, இல்லேன்னா ஆலைக்குப் பூட்டுதான்" என்றார் முதலாளி. ஃபிட்டர் போய்த் தலைவர் பேரைச் சொன்னார். தறிகள் ஓடின. தலைவர் சிறைக்குப் போனார்.

நேற்று வெளியே வந்த தலைவர், இன்று முன்வரிசையில் இருந்தார். பாடமோ, குருவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸைப் பற்றி!

"சுவிசேஷத்தை முதல்ல எழுதினவர், அவன் ஏன் அப்படிச் செஞ்சான்னே சொல்லலை" என்றார் போதகர். "அடுத்தவர் பணத்தாசைன்னார். இன்னொருத்தர் சாத்தான் புகுந்ததுன்னார். கடைசியா வந்தவர் திருடன்னே எழுதிட்டார்."

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். இவரையும் முதலில் பயந்தாங்கொள்ளி என்றார்கள். பிறகு காசு வாங்கினார் என்றார்கள். இப்போது, ஆரம்பத்திலிருந்தே முதலாளியின் ஆளாம்!

"வேதத்துல சேராத பழைய ஏடு ஒண்ணு இருக்கு" என்று போதகர் தொடர்ந்தார். "அதுல, காட்டிக்கொடுக்கச் சொன்னதே குருதான்னு வருதாம்."

"அடப்பாவமே! இப்படியுமா எழுதுவாங்க?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"தலைவரே, நீங்க சொல்லுங்க. நம்பலாமா?" என்று கேட்டார் போதகர்.

தலைவர் எழுந்தார். கூடம் அடங்கியது. அன்று முதல் தடவையாக ஃபிட்டர் தலையை நிமிர்த்தினார்.

"சுத்தக் கட்டுக்கதை" என்றார் தலைவர். பின்பக்கம் திரும்பினார். "போகட்டும். நம்ம ஆளை நான் மன்னிச்சுட்டேன்."

கைதட்டல் ஓயவே இல்லை. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபிட்டரின் தலை மறுபடி கவிழ்ந்தது.

கூட்டம் கலைந்தது. கணவரைக் காணாமல் தேடிப்போன மனைவி, பக்கவாட்டுக் கதவருகே நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் தலைவரின் குரல், தணிந்து கேட்டது.

"மனசுல வெச்சுக்காதேடா. என் பேரைக் கொடுக்கச் சொல்லி உன்னை அனுப்பினது நான்தான், இல்லேங்கலை. ஆனா நானே போய் நின்னிருந்தா, முதலாளி கால்ல விழுந்தவன்னு ஏசியிருப்பாங்க. நீ காட்டிக்கொடுத்தாத்தானே நான் தியாகி!"